டாலி சீட்டின் பின்பக்கம்

மாசானம் அண்ணாச்சியின் யார்டுக்குள் காகிதம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு இரண்டு பிழைப்பு உண்டு.

முதல் பிழைப்பு ஆபீசில். ஈமெயிலில் வந்தது எதுவானாலும், குப்பைப் பெட்டிக்குள் போனதையும் சேர்த்து, சனிக்கிழமை மத்தியானம் பிரிண்ட் எடுத்தாக வேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. மேனேஜர் ஜெரின் அந்தக் கட்டைப் புரட்டி, ஷிப்பிங் ஏஜென்டுகளிடமிருந்து வந்ததை மட்டும் பைலில் போடுவார். மிச்சத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு, சணல் கோத்து, திங்கட்கிழமை காலையில் துரையிடம் கொடுத்துவிடுவார். இரண்டாவது பிழைப்பு அங்கே ஆரம்பம். அச்சடிக்காத பக்கத்தில் துரை டாலி எழுதுவார். மிளகாய் மூட்டை கன்டெய்னருக்குள் ஏற ஏற, நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். கோடு தப்பினால் கணக்கு தப்பும், கப்பல் வரைக்கும் தப்பும்.

துரைக்கு ஐம்பத்து நாலு வயது. பதினைந்து வருஷம் மூட்டை தூக்கிய முதுகு ஒரு நாள் இனி முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு, எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் டாலி வேலை கிடைத்தது. முப்பத்தாறு வயதுக்கு மேல் கற்ற எழுத்து. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற பழக்கம் விடவில்லை. டீ நேரத்தில் சீட்டைத் திருப்பி அச்சடித்த பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் என்றால் விட்டுவிடுவார். தமிழ் என்றால் சத்தமாகவே படிப்பார்.

அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற டெரிக் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

"இன்னா நைனா, இன்னிக்கி பேப்பர்ல இன்னா நியூஸ்?"

"மூணே வாரத்துல முடி வளருமாம்."

"எனக்கு அந்த ரயிலு போயி பத்து வருசம் ஆச்சு. அடுத்தத படி."

துரை அடுத்த அரைத்தாளைத் திருப்பினார். "ஐயா, உங்கள் மெயில் சர்வரைப் பற்றி முக்கியமான ஒரு விஷயத்தை…" அதற்குள் டிரெய்லர்க்காரன் ஹாரனில் கையை வைத்தான். ஆபீஸ் விஷயம் நமக்கெதற்கு என்று துரை தாளைப் புரட்டிப்போட்டார். அறுநூற்று நாற்பது மூட்டை. கோடு நெருக்கமாக விழுந்து அந்தத் தாளின் வெள்ளைப் பக்கம் கறுத்துப்போனது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, யார்டு வாசலில் ஏழு டிரெய்லர்கள் நகராமல் நின்றன. ஏற்றிப் பூட்டி சீல் வைத்த கன்டெய்னர்கள். எண்ணூர் சாலையில் பின்னால் வந்த டேங்கர்காரர்கள் இறங்கி வந்து அம்மா அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். மணலிப் பக்கமிருந்து வந்த காற்றில் வழக்கமான அழுகல் வாடை. சாயங்காலம் நாலு மணிக்குள் துறைமுகத்துக்குள் போகாவிட்டால் அதில் நாலு கன்டெய்னருக்குக் கப்பல் போய்விடும். ஏஜென்டிடமிருந்து அனுமதி வரவில்லை. ஏனென்றால் இங்கேயிருந்து போன மெயில் எதுவும் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. போனது அத்தனையும் சுவரில் எறிந்த பந்து மாதிரி திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஜெரின் சட்டை நனைய வெளியே வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அவர் நாகர்கோவில்காரர், பதற்றம் வந்தால் ஊர்ப்பேச்சு தானாக வந்துவிடும்.

"எவனோ ஒருத்தன் வெளியில இருந்து நம்ம சர்வருக்குள்ள கை விட்டிருக்கான், கேட்டியளா! விட்டது போதாதுன்னு உலகம் பூரா பாக்குற ஒரு பட்டியல்ல நம்ம பேர போட்டுட்டான். இவன் சர்வர் ஓட்டை, இவன் மெயில வாங்காதியன்னு. அதுக்க பொறவு யாரு வாங்குவா?"

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?" என்று டெரிக் கேட்டான்.

"நம்பர் இருக்குல்லா. எந்த வீட்டுக் கனெக்ஷன்ல இருந்து வந்தானோ அதுக்க நம்பர் பதிவாயிருக்கு. சைபர் கிரைம்ல கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள வீட்டுக் கதவத் தட்டிருவான். அண்ணாச்சி நாளைக்கு காலையில கம்ப்ளைன்ட் எழுதிட்டு வாராவ."

துரையின் கையிலிருந்த பேனா நின்றது. ஐந்தாவது கோடு இழுத்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடி வீட்டில் மகள் ஷாலு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அம்மா செங்கொடியிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. "சும்மா உள்ள போறதில்லம்மா. கதவு பூட்டிகீதான்னு ஆட்டிப் பாக்கறேன், அவ்ளோதான்." செங்கொடி வெங்காயம் உரித்தபடி உம் கொட்டினாள். துரை அதைக் கேட்டும் கேட்காத மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவை ஆட்டிப் பார்ப்பது என்ற பேச்சே அவருக்கு ஆகாது.

வீட்டு நெட் கனெக்ஷன் துரையின் பெயரில் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து போட்டவர் அவர்தான்.

*

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் துரை ராயபுரத்தில் ஒரு கோடவுன் தெருவுக்கு வாட்ச்மேன். பொழுது சாய்ந்து கடையடைத்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து ஒவ்வொரு பூட்டையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஆட்டு என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. ஆட்டாதே என்றும் சொன்னதில்லை. பூட்டாமல் போன ஷட்டர் கண்ணில் பட்டால், எழுதத் தெரியாதவர், கீழ் மூலையில் சாக்பீசால் ஒரு வட்டம் போடுவார். அந்தப் பக்கம் இரண்டு நடை கூடுதலாக நடப்பார். காலையில் முதலாளி வட்டத்தைப் பார்த்துவிட்டு வேலையாட்களைத் திட்டுவார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்த வட்டத்துக்கு அர்த்தம் தெரிந்துகொண்ட இன்னொருவனும் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தான் என்பது துரைக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் தெருவின் அந்த முனையில் இருந்தபோது, இந்த முனையில் வட்டம் போட்ட கோடவுனிலிருந்து செம்புக் கம்பிச் சுருள் மொத்தமும் போய்விட்டது.

"தினமும் பூட்டை ஆட்டிப் பாத்தவன் நீதானே?" அதுதான் ஸ்டேஷனில் முதல் கேள்வி. ஆமாம் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று நாள். கடைசி நாள் ஒரு தாளை நீட்டி, பெருவிரலைப் பிடித்து அழுத்தினார்கள். திருடர்களுக்கு அடையாளம் காட்டத்தான் வட்டம் போட்டேன் என்று அதில் எழுதியிருந்ததை மாதக்கணக்கில் கழித்து வக்கீல் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது. அந்தக் கேஸ் தேய்ந்து ஒழிய நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷத்தில்தான் மூட்டை தூக்குகிறவர்களின் சங்க ஆபீசில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்து கற்றார். வாத்தியார் முதலில் பெயரை எழுதச் சொன்னார். துரை அதற்கு முன்னால் வேறொரு வார்த்தையைக் கேட்டு வாங்கி எழுதினார். 'பூட்டவில்லை'.

ஷாலுவுக்கு அப்போது ஏழு வயது. அப்பா வெளியூர் லோடுக்குப் போயிருக்கிறார் என்று செங்கொடி சொல்லி வைத்தாள். இன்று வரைக்கும் அதுதான் கதை.

*

அன்று சாயங்காலம் ஷாலு பெருங்குடி ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே துரை கேட்டுவிட்டார்.

"ஏதோ கதவ ஆட்டறேன்னியே, எந்தக் கதவு?"

ஷாலுவுக்கு அங்கே வேலையே மெயில் பார்ப்பதுதான். பார்ப்பதென்றால் படிப்பதல்ல, குப்பை மெயில் வராமல் வடிகட்டுவது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு நைனா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"பக்கத்து பிளாக் மதிக்கு ஒரு லெட்டர் வந்துச்சே, ஹார்பர்ல வேலைன்னு…"

அது துரைக்குத் தெரியும். அந்தப் பிளாக்குக்கே தெரியும். மதி ஆறு வருஷமாகப் பார்த்த பேக்கரி வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, புதுச் சட்டை போட்டு, மெயிலில் வந்த ஆர்டரை பிரிண்ட் எடுத்துக்கொண்டு துறைமுக வாசலில் போய் நின்றான். காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் மாடிப்படி இறங்குவதில்லை.

"அந்த லெட்டர் எந்த வழியா வந்துச்சுன்னு பின்னாடியே போனேன். ஒரு சர்வர்ல போயி நின்னுச்சு. ஆளில்லாத போஸ்டாபீஸ் மாரி நைனா அது. எவன் எத்த கொண்டாந்து குடுத்தாலும் நீ யாருன்னு கேக்காம வாங்கிகினு, தன் முத்திரைய குத்தி அனுப்பி வுட்டுடுது. திருடனுங்க அதுவழியா ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் லெட்டர் அனுப்பறானுங்க. நெசமாவே தொறந்துதான் கீதான்னு பாக்க, நானும் ஒரு லெட்டர் போட்டேன். பொய் பேர்ல, எனக்கே. வந்துடுச்சு. அவ்ளோதான் நான் பண்ணது."

"அவங்ககைல கேட்டியா, ஆட்டிப் பாக்கலாமான்னு?"

"இல்ல."

"யாரோடது தெரியுமா அது?"

"தாமிரா எக்ஸ்போர்ட்ஸ்னு போட்டிருந்துச்சு."

"அது அண்ணாச்சியோட அப்பா காலத்து கம்பெனி பேரு" என்றார் துரை. "நான் சோறு துன்ற எடம்."

ஷாலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் இத்தனை வருஷமும் அதை அண்ணாச்சி யார்டு என்றுதான் சொல்லி வந்தார்கள். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பேசியதே இல்லை. துரை யார்டில் நடந்ததைச் சொன்னார். ஏழு டிரெய்லரில் நாலுக்குக் கப்பல் தவறியதையும், நம்பர் பதிவாகியிருப்பதையும், நாளைக்கு அண்ணாச்சி கம்ப்ளைன்ட் கொண்டுவரப்போவதையும்.

"போலீசா?" என்று செங்கொடி அடுப்பை அணைத்தாள். "யோவ், இவளையா?"

"அனுமதி கேக்காம தொட்டதே குத்தம்னு சொல்லுவாங்கம்மா" என்றாள் ஷாலு. குரல் இறங்கியிருந்தது. "ஆனா பட்டியலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அவங்களுக்கு லெட்டர் போட்டேன். இங்கிலீஷ்ல, கீழ தமிழ்ல, என் பேரு போட்டு. புதன்கெழம போட்டேன். பதிலே வர்ல. வெள்ளிக்கெழம பட்டியலுக்கு அனுப்பிட்டேன்."

"ரெண்டு நாளு" என்றார் துரை.

"ரெண்டு நாள்ல எண்பதாயிரம் லெட்டர் நைனா. அதுல எத்தினி மதி கீறானோ."

"அந்தப் பட்டியல யாரு பாக்கலாம்?"

"யாரு வேணா. அப்பதான மெயில் வாங்கறவங்க உஷாரா இருப்பாங்க."

"கெட்டவனும் பாக்கலாமா?"

"அவனுங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"எல்லாருக்குமா?"

செங்கொடி புருஷனைப் பார்த்தாள். எதையும் சொல்லாதே என்று துரை கண்ணாலேயே சொன்னார். இந்த நேரத்தில் வட்டத்தின் கதையைச் சொல்லி மகளை இன்னும் பயமுறுத்த அவருக்கு மனமில்லை.

"லெட்டர் போட்டேன்னு நிரூபிச்சா வுட்டுடுவாங்களா?" என்று செங்கொடி கேட்டாள்.

"போட்டது என்கைல கீது. அவங்களுக்கு வந்து சேந்துச்சுன்றதுக்கு இன்னா சாட்சி? குப்பைப் பெட்டிக்குப் போயிடுச்சு, யாரும் பாக்கலன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு."

குப்பைப் பெட்டி. துரை சட்டென்று நிமிர்ந்தார். குப்பைப் பெட்டிக்குப் போனதையும் சேர்த்து, சனிக்கிழமை மத்தியானம். ஐயா, உங்கள் மெயில் சர்வரைப் பற்றி. அறுநூற்று நாற்பது மூட்டை.

"இன்னா நைனா?"

"ஒண்ணியும் இல்ல" என்றார். சீட்டுக் கட்டு யார்டில், எடைமேடைக்குப் பக்கத்துத் தகரப் பெட்டியில் கிடந்தது. அதைக் கையில் எடுக்கிற வரைக்கும் எதையும் வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை.

*

புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். தண்டையார்பேட்டையில் ரயில்வே கேட் போட்டு பஸ் நின்றபோது இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. சீட்டு இருக்குமா, எலி கடித்திருக்குமா, ஜெரின் வேறு எதற்காவது எடுத்திருப்பாரா. யார்டுக்குள் நுழைந்து தகரப் பெட்டியைத் திறந்து சணலை அவிழ்த்தார். மேலிருந்து ஒன்பதாவது சீட்டு.

அதே அரைத்தாள். மேல்பாதியில் இங்கிலீஷ் இருந்திருக்க வேண்டும், அது வேறெங்கோ போய்விட்டது. கீழ்ப்பாதி முழுக்கத் தமிழ். துரை எழுத்துக்கூட்டிக் கடைசி வரைக்கும் படித்தார். சர்வர் திறந்து கிடக்கிறது, அதன் வழியாகப் பொய் வேலைக் கடிதங்கள் போகின்றன, என் தெருவில் ஒருவர் ஏமாந்து வேலையை விட்டுவிட்டார், தயவுசெய்து மூடுங்கள், எப்படி மூடுவது என்று தெரியாவிட்டால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள், வந்து உதவுகிறேன். கீழே, து. ஷாலு, வியாசர்பாடி.

தாளைத் திருப்பினால் அவர் கையெழுத்து. திங்கட்கிழமைத் தேதி, கன்டெய்னர் நம்பர், நூற்று இருபத்தெட்டு கட்டுக் கோடு, மூலையில் சரிபார்த்ததற்கு அடையாளமாக ஜெரின் போட்ட சுழி. இது இந்த ஆபீசுக்கு வந்தது, இங்கே பிரிண்ட் ஆனது, இங்கேயே வெட்டப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது.

ஆனால் இதே தாளில்தான் மகளின் பெயரும் இருந்தது. இப்போதைக்கு அவர்களிடம் இருப்பது வெறும் நம்பர். இதை நீட்டினால் அப்பனே மகளைக் காட்டிக்கொடுத்த மாதிரி. நீட்டாவிட்டால், நம்பர் எப்படியும் வீட்டுக்கு வரும், அப்போது இந்தச் சீட்டு இருக்குமா? துரை அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று காலை இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது.

"நைனா, நெஞ்சு வலியா?" என்றான் டெரிக். "கைய அங்கயே வெச்சுகினு கீறியே."

"உன் வேலயப் பாருடா."

பதினோரு மணிக்கு அண்ணாச்சியின் கார் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெரின் வாசலில் நின்று கூப்பிட்டார். "துரை அண்ணே, ஒரு கையெழுத்து போடணும், வாங்க."

மாசானம் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறு கலையாமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் டைப் அடித்த ஒரு தாள்.

"வாரும்வே துரை. லாரி நின்னது, கப்பல் போனது எல்லாம் நீரு கண்ணால பாத்தவரு. எழுதிக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா ஒரு சாட்சி இருந்தா நல்லதுன்னாரு. கீழ போடும்."

ஜெரின் பேனாவை நீட்டினார். துரை பேனாவை வாங்கவில்லை. தாளை எடுத்தார்.

"படிச்சிட்டுப் போடறேன் அண்ணாச்சி."

"அதுல என்னவே படிக்க இருக்கு?"

"படிச்சிட்டுத்தான் போடுவேன்."

ஃபேன் சத்தத்தில் அவர் உதடு அசைகிறது. ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. அடையாளம் தெரியாத நபர், தீய நோக்கத்துடன், எங்கள் நிறுவனத்தின் சர்வரை உடைத்து, உள்ளே புகுந்து. 'உடைத்து' என்ற இடத்தில் துரையின் விரல் நின்றது. பெருவிரல். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மையில் அழுத்திய அதே விரல்.

"ஒடச்சுன்னு போட்டுகீது அண்ணாச்சி."

"ஆமா."

"பூட்டே இல்லாததுல இன்னாத்த ஒடைக்கறது?"

ஜெரின் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சியின் முகம் மாறியது. "பூட்டு இல்லன்னு உமக்கு எப்படிவே தெரியும்?"

இனிப் பின்வாங்க வழியில்லை. துரை சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார்.

அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். திருப்பிக் கோடுகளைப் பார்த்தார், ஜெரினின் சுழியைப் பார்த்தார், மறுபடி திருப்பினார்.

"எலேய் ஜெரின். இது நம்ம ஆபீசுக்கு வந்த லெட்டராடே?"

"குப்பையில கெடந்திருக்கும் அண்ணாச்சி… அதையெல்லாம் ஒண்ணொண்ணா வாசிச்சிட்டு இருந்தா…" என்று இழுத்தார் ஜெரின்.

"து. ஷாலுன்னா?"

"என் பொண்ணு" என்றார் துரை.

வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் மட்டும்.

"அண்ணாச்சி, நான் அவளுக்கு வக்காலத்து வாங்க வர்ல. கேக்காம தொட்டா, அது தப்பு. ரெண்டே நாள்ல ஊருக்குச் சொல்லிட்டா, அது அத்தவிடத் தப்பு. இங்க சனிக்கெழமதான் லெட்டரு பிரிப்பாங்கன்னு அவளுக்குத் தெரியாது. ஆனா ஒடைக்கல. திருடல. கதவு தொறந்துகீதுன்னு பேரு போட்டு எழுதிக் குடுத்துட்டுத்தான் போனா. அத்த நீங்க எழுதுங்க, நான் கையெழுத்து போடறேன். இதுல போட மாட்டேன்."

அண்ணாச்சியின் பார்வை சீட்டில் இன்னொரு வரியில் நின்றிருந்தது. "பொய் வேலைக் கடிதம்னு போட்டிருக்காளே. அது நம்ம பேர்லயாடே போச்சு?"

ஜெரின் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். "பக்கம் பக்கமா கெடக்கு அண்ணாச்சி."

போலீஸ் வந்தால் முதலில் யாரைக் கேட்கும் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஆனால் அதைச் சொல்லிக்காட்டுகிற இடத்தில் துரை இல்லை.

அண்ணாச்சி கம்ப்ளைன்ட்டையும் சீட்டையும் ஒன்றாக மடித்து டிராயருக்குள் போட்டுச் சாவியைத் திருப்பினார். "உம்ம மகள வரச் சொல்லும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று துரைக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. கையிலிருந்த ஒரே சாட்சியும் இப்போது டிராயருக்குள்.

*

ஷாலு மூன்று மணிக்கு வந்தாள். யார்டு கேட் விரியத் திறந்துதான் கிடந்தது. லாரியும் ஆளும் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவள் கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றாள். டெரிக் போய்ச் சொன்னான், ஜெரின் வந்து கூப்பிட்டார், அதற்குப் பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

"நீதானா அது?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா சார்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லாம்மா?"

"போட்டிருந்த நம்பர் ரெண்டும் வேலை செய்யல சார். ஆனா இன்னும் ஒரு வாரம் காத்திருக்கணும். அவசரப்பட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஒரு வாரத்துல போற லெட்டருக்கு யார்கைல மன்னிப்பு கேக்கறதுன்னும் தெரியல சார்" என்றாள்.

அண்ணாச்சி கம்ப்யூட்டரைக் காட்டினார். "மூடத் தெரியுமா?"

"தெரியும். ஜெரின் சார் செய்யட்டும், நான் சொல்றேன்."

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜெரினின் தோளுக்குப் பின்னால் நின்றாள். இதை அழுத்துங்க சார், அந்த வரியை எடுங்க, இந்தப் பேரை மட்டும் வையுங்க. கீபோர்டில் அவள் விரல் ஒரு தரம்கூடப் படவில்லை. துரை வாசற்படியில் நின்று அந்தக் கட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கியிருந்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. "முடிஞ்சுது" என்றார் ஜெரின்.

"இன்னும் இல்ல சார்" என்று ஷாலு அண்ணாச்சியைப் பார்த்தாள். "பட்டியல்ல இருந்து பேரை எடுக்கணும்னா, நெசமாவே மூடியாச்சான்னு வெளியில இருந்து ஒரு தடவ ஆட்டிப் பாக்கணும். போன வாட்டி கேக்கல. இப்ப கேக்கறேன். பாக்கலாமா?"

அண்ணாச்சி டிராயர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியது நின்றது. வெளியே ஹாரன், பதில் ஹாரன், யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.

"ஆட்டிப் பாரு" என்றார் அண்ணாச்சி.

அவள் போனை எடுத்து, சுவரோரம் போய் நின்று, எதையோ தட்டினாள். ஒரு நிமிஷம். இரண்டு. பிறகு போனைத் திருப்பிக் காட்டினாள். மெயில் போகவில்லை. சர்வர் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டது. மெயில் திரும்பி வந்ததற்காக ஜெரின் சந்தோஷப்பட்டது அந்த வாரத்தில் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் பட்டியலிலிருந்து பெயர் போனது. நின்ற டிரெய்லர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தவறிய கப்பல் தவறியதுதான். அதைப் பற்றி அண்ணாச்சி துரையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்ப்ளைன்ட் என்ன ஆயிற்று என்றும் சொல்லவில்லை. வீட்டில் ஷாலு தினமும் கேட்டாள், துரை தினமும் தெரியாது என்றார். மாடிப்படியில் கனத்த காலடி கேட்டால் செங்கொடி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

சனிக்கிழமை ஜெரின் பிரிண்ட் எடுத்தார். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக வாசித்தாராம். டெரிக் சொன்னான்.

திங்கட்கிழமை காலை புதுக் கட்டு வந்தது. துரை எண்ண ஆரம்பிப்பதற்கு முன்னால் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முடி எண்ணெய். இங்கிலீஷ். இங்கிலீஷ். ஆறாவது சீட்டில் கை நின்றது.

டைப் அடித்த தமிழ். கீழ்ப்பாதி. 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அதற்குக் கீழே, சாட்சி: ஏ. துரை. பக்கத்தில் கையெழுத்துக்கு விட்ட இடம் வெள்ளையாக இருந்தது.

கம்ப்ளைன்ட்டை வெட்டிப்போட்டுவிட்டார்கள், அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். பாதி மூச்சுதான் வந்தது. மேல்பாதியைத் தேடினார். அடையாளம் தெரியாத நபர், உடைத்து, அதெல்லாம் இருக்கிற பாதி. கட்டை முழுக்க அவிழ்த்தார். இரண்டு தரம் தேடினார். அது இல்லை. ஷாலுவின் பெயர் போட்ட அந்தச் சீட்டும் இல்லை.

வேறு யாருக்காவது போயிருக்கலாம். அடுத்த வாரக் கட்டில் வரலாம். டிராயருக்குள்ளேயே கிடக்கலாம்.

"நைனா, மூட்டை ஏறுது!" என்று டெரிக் கத்தினான். "எண்ணறியா, இல்ல ஜோசியம் பாத்துகினு கீறியா?"

துரை சணலை முடிந்தார். தன் பெயர் அச்சடித்த பக்கத்தைக் கீழே போட்டு, வெள்ளைப் பக்கத்தில் தேதியை எழுதினார். முதல் மூட்டை ஏறியது. கோடு கிழித்தார். கண் மட்டும் ஆபீஸ் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.